எழுபத்திரண்டாம் கட்டத்துக்கு அப்பால்

நான் தவறான அம்பத்தூரில் இறங்கிய கதையிலிருந்து தொடங்கலாம். ஆனால் அதற்கு முன் வடை வருகிறது. வடைக்கு முன் திரு. லிம் வருகிறார்.

திரு. லிம் சிங்கப்பூரில் என் மேலாளர். எங்களுடையது கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளம். எந்த உதிரிப்பாகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யாருக்கு எத்தனை கொடுக்க வேண்டும் என்று கிடங்குக்குச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று எங்களிடம் உண்டு. கோபோல் மொழியில் எழுதியது. என் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் பிறந்த மொழி. புரோகிராமை எண்பதுகளில் எழுதியவர்களும், அன்றிலிருந்து நாங்கள் கேட்கிற மாற்றங்களைச் செய்து தருபவர்களும், சென்னைக்கு மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் எட்டுப் பேர்.

இரண்டாயிரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்களை உலகம் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தார்கள், அல்லது தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். லிம் என்னிடம் ஒரு வரியைக் காட்டினார். யாராவது பம்ப் வால்வு ஒன்று கேட்டால் புரோகிராம் அதை இரண்டாக்குகிறது. மூன்று கேட்டால் நான்கு. ஏன் என்று சிங்கப்பூரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படி விளக்கம் இல்லாத வரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எந்த வரியை யார், எதற்காக மாற்றினார்கள் என்று அம்பத்தூரில் பதிவு இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார். இருந்தால் வருடத்தை அவர்களே திருத்தலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிது வாங்குவோம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். எங்கள் தளம்தான் அந்த எட்டுப் பேருடைய பெரிய வாடிக்கையாளர். ‘இல்லை’ என்ற பதிலுக்கு என்ன பொருள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் சிங்கப்பூரில் பிறந்தவள். குமணன்சாவடியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் எனக்கு அறை போட்டிருந்தார்கள். நோட்டில் பட்டியல் எழுதிக்கொண்டேன். ஒன்று, காய்ச்சிய தண்ணீர். இரண்டு, சில்லறை. மூன்று, சரியாக விசாரிக்காமல் எந்த வண்டியிலும் ஏறாதே.

புதன்கிழமை காலை விடுதிக்கு எதிரே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டிபன் கடை. பெங்களூர் லாரிகள் போகும்போதெல்லாம் கடையின் தகரக் கூரை நடுங்கும். கடைக்காரர் லட்சுமி, நாற்பது வயதுக்காரர், ஒரு கையால் வடை திருப்பி மறு கையால் டீ ஆற்றினார். இட்லிக்கு வடகறி ஊற்றித் தந்தார். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எத்தனையோ காலை உணவு சாப்பிட்டிருக்கிறேன். வடையை உதிர்த்து, மசாலாவில் கொதிக்கவைத்து, அதை இட்லிக்குத் துணையாக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னொரு கரண்டி கேட்டேன். நான் பேசுவது ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருப்பதாகச் சொல்லிவிட்டு ஊற்றினார்.

வழிக்கு இரண்டு வடை கட்டித் தரச் சொன்னேன். கட்டிய தாளில் வெளிர்பச்சைப் பட்டைகள், இரு ஓரமும் துளைகள். கம்ப்யூட்டர் அச்சுத்தாள். கையில் எது கிடைத்தாலும் படிக்கிற பழக்கம் எனக்கு. படித்தேன். எங்கள் கிடங்குப் புரோகிராம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி தாளின் வலது ஓரத்தில் இருந்தது.

கோபோலில் ஒரு வரிக்கு எண்பது கட்டங்கள். துளையிட்ட அட்டைகளைக் கம்ப்யூட்டருக்குத் தீனியாகப் போட்ட காலத்து அளவு. அதில் எழுபத்திரண்டு கட்டம் வரைக்கும்தான் இயந்திரம் படிக்கும். கடைசி எட்டுக் கட்டங்களில் என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நான்கு மாதங்களுக்கு முன் நாங்கள் புதிய முறைக்கு மாறினோம். அதில் கட்டங்கள் கிடையாது, வரி எவ்வளவு நீளமும் போகலாம். கடைசி எட்டுக் கட்டங்களில் கிடந்த எழுத்துகளையும் எண்களையும் புதிய முறை புரோகிராமாகவே படித்துத் திணறியது. எல்லாம் குப்பை என்று நினைத்து, ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, அத்தனை வரிகளிலிருந்தும் அந்த எட்டுக் கட்டங்களை வெட்டி எறிந்தேன். சுத்தமான வேலை என்று லிம் பாராட்டினார். பழைய டேப்புகளின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டோம்.

எண்ணெய் ஊறிய தாளில் அந்தக் கட்டங்கள் இருந்தன. நிதானமாகப் பார்த்தபோது அவை குப்பை மாதிரி தெரியவில்லை. ஒரு வரியின் முனையில் எம்.எஸ். 0212. மூன்று வரி தள்ளி டி.எம். 0340. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒருவருடைய பெயரெழுத்து, ஓர் எண். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வடையைச் சாப்பிட மறந்துவிட்டேன்.

அந்தக் கலக்கத்தில்தான் மூன்றாவது விதியை மீறினேன். அம்பத்தூர் போகுமா என்று கேட்டேன், போகும் என்றார்கள், ஏறிவிட்டேன். நடத்துநர் தம் இருக்கையை விட்டு எழவே இல்லை. காசு பத்துப் பேர் கைமாறி அவரிடம் போனது. டிக்கெட்டும் மீதியும் அதே பத்துக் கைகள் வழியாகத் திரும்பி வந்தன. இடையில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் இதற்கு ஒரு இயந்திரம் வைத்திருக்கிறோம்.

இறங்கிய இடம் அம்பத்தூர் ஓ.டி. எனக்கு வேண்டியது எஸ்டேட், அதாவது தொழிற்பேட்டை. இரண்டும் அம்பத்தூர்தான், நடுவில் கணிசமான தூரம். ஆட்டோக்காரர் என் முகவரியைப் படித்துவிட்டு, “இன்னாம்மா, எஸ்டேட்னு சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். எஸ்டேட் என்று சொன்னால் ரப்பர் தோட்டம்தான் எனக்கு நினைவு வரும் என்று அவரிடம் விளக்கவில்லை.

அலுவலகம் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே இரும்பு சீவும் சத்தம் ஓயாது. மாடியை நடத்துபவர் மேரி ஸ்டெல்லா, முப்பத்தைந்து வயதிருக்கும், ஆவடியை அடுத்த கோவில்பதாகைக்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில் அட்டையில் துளையிடும் வேலைக்குச் சேர்ந்து, துளையிட்டதையெல்லாம் படித்துப் படித்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். தாளில் பார்த்த எம்.எஸ். அவர்தான். டி.எம். என்பது தாமோதரன், எல்லோருக்கும் தாமு, என்னைவிட ஒரு வயது இளையவர்.

‘மிஸ் ஸ்டெல்லா’ என்று கூப்பிட்டேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். இங்கே பள்ளிக்கூட ஆசிரியைதான் மிஸ். அக்கா என்றால் போதும் என்றார் தாமு.

பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்டெல்லா அலமாரியிலிருந்து ஐந்து தடித்த நோட்டுகளை எடுத்து வைத்தார். எங்கள் தளத்திலிருந்து வந்த ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு சீட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சீட்டு 0212: கயிற்றை மீட்டரில் எண்ணாதே, சுருளில் எண்ணு. கேட்டவர் பெயர், செய்தவர் பெயர், காரணம், எல்லாம் பேனாவில்.

“எந்த வரிக்கு எந்தச் சீட்டுன்னு நோட்டுல எழுத மாட்டோம்” என்றார். “அது வரியிலயே கீது. கடைசி எட்டுக் கட்டத்துல. யார் தொட்டாலும் கையெழுத்துப் போட்டுட்டுதான் போகணும். இந்த ரூமுல அதான் சட்டம்.”

நான் தலையாட்டினேன். அன்று மாலை வரை தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

வியாழக்கிழமை காலை ஸ்டெல்லா என் பிளாப்பியை வாங்கித் தம் கம்ப்யூட்டரில் போட்டார். ஒப்பந்தப்படி வேலை முடிந்ததும் அம்பத்தூரில் பிரதி எதுவும் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள், அச்சுத்தாளைக் கிழித்துக் கொளுத்திவிடுவார்கள். அதனால் நான் கொண்டுவந்ததுதான் இருந்த ஒரே பிரதி. திரையை வலப்பக்கம் நகர்த்தினார். ஒன்றுமில்லை. அடுத்த பக்கம். அதற்கடுத்தது.

“மொட்ட” என்றார் மெதுவாக. “யார் அடிச்சது?”

நான்தான் என்று சொன்னேன். எதற்காக என்றும் சொன்னேன், திங்கட்கிழமை கெடுவையும் சொன்னேன். எத்தனை புரோகிராம் என்று கேட்டார். எல்லாம் என்றேன். அவர் எழுந்து சாப்பாட்டுப் பையை எடுத்தார்.

“வா, சாப்டு. சாப்ட்டுட்டுத் திட்றேன்.”

அதுவரை ‘நீங்க’ என்று பேசியவர். கருவாட்டுத் தொக்கில் பாதியை என் மூடியில் வைத்தார். சொன்ன சொல் தவறவில்லை, சாப்பிட்டு முடித்ததும் திட்டினார். இயந்திரம் படிக்கவில்லை என்றால் மனுஷன் படிக்க மாட்டானா என்பதுதான் திட்டின் சாரம். நான் நோட்டைத் திறந்து வடை கட்டிய தாளை எடுத்து வைத்தேன்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஸ்டெல்லா நிமிர்ந்து தாமுவைப் பார்த்தார். அச்சுத்தாளைக் கிழித்துக் கொளுத்தும் பொறுப்பு தாமுவுடையது.

“கிழிச்சுட்டேன்னுதானே சொன்ன?”

“கிழிக்கிறாங்கக்கா” என்றார் தாமு. “எங்கக்கா. வட கட்டறப்ப.”

டிபன் கடை லட்சுமி தாமுவின் அக்கா. நல்ல தாளைக் கொளுத்த மனம் வராமல், பல மாதங்களாக மூட்டை கட்டி அவரிடம் கொடுத்துவந்திருக்கிறார். தாமுவை வேலையை விட்டு அனுப்பியிருக்க வேண்டிய குற்றம். ஸ்டெல்லா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி ஆவடி ஏரியில் போட வேண்டும் என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவரும் லட்சுமியின் பெஞ்சுக்கு அடியில் இருந்தோம். நான்கு சாக்கு. லட்சுமி லேசில் விடவில்லை. “செய்தித்தாள்னா மை ஒட்டுது. இது எண்ணெய நல்லா இஸ்துக்கும். அதுக்கு இன்னா பண்றது?” விடுதியில் கன்னியாஸ்திரீகள் சேர்த்து வைத்திருந்த பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். கணக்குத் தீர்ந்தது. கூடவே ஸ்டெல்லாவால் வடகறியும் தீர்ந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினோம். இந்த அச்சுத்தாள் தனித்தனி ஏடு இல்லை, விசிறி மாதிரி மடிந்த ஒரே நீள நாடா. பாதி வழியில் ஒரு சாக்கின் வாய் அவிழ்ந்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த சைக்கிள்காரர் மிதித்து மிதித்து எட்டிப்பிடித்து, “யக்கா, பொடவ பறக்குது” என்றார். எட்டிப் பார்த்தால் எங்கள் கிடங்குப் புரோகிராம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பச்சைப் பட்டுப்போல இருபது அடி நீளத்துக்கு அலைந்துகொண்டிருந்தது. தாமு ஓடி ஓடிச் சுருட்டினார். ஒரு லாரி நின்று வழிவிட்டது.

மாலைக்குள் அடுக்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றையும் பல தடவை அச்சிட்டிருந்ததால் அநேகமாக எல்லாம் தேறியது. வால்வு வரியிருக்கும் பெரிய புரோகிராமில் மட்டும் எட்டுப் பக்கங்கள் இல்லை. வடையோடு போய்விட்டவை. என் நோட்டில் இருந்தது அந்த எட்டில் ஒன்று. மிச்சம் ஏழு.

பக்கங்கள் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. ஆயிரக்கணக்கான குறிகளைக் கண்ணால் படித்துத் திரும்பத் தட்டச்ச வேண்டும். எட்டுப் பேருக்குத் திங்கட்கிழமைக்குள் முடியாது. சனிக்கிழமை கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் ஸ்டெல்லா.

என்ன கூட்டம் என்று பூந்தமல்லியில்தான் தெரிந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி. அம்பத்தூர், ஆவடி பக்கத்து கோபோல்காரர்கள் முப்பது பேர் மாதம் ஒருமுறை அங்கே கூடுகிறார்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள், இரண்டு கல்லூரி ஆசிரியர்கள், பாதிக்கு மேல் பெண்கள். வெளிநாட்டில் ஒரு குழு கோபோலின் அடுத்த பதிப்புக்கு விதிகள் எழுதிக்கொண்டிருந்தது. அந்த வரைவின் நகல் எப்படியோ பூந்தமல்லிக்கு வந்து, நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே மங்கியிருந்தது. அதைப் பத்தி பத்தியாகப் படித்து, எது நல்லது, எது தங்கள் பழைய புரோகிராம்களை உடைக்கும் என்று விவாதித்து, கருத்தைத் தபாலில் அனுப்புகிறார்கள். மொழி என்பது எங்கோ முடிவாகி பெட்டியில் வந்து இறங்குகிற சரக்கு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைய விவாதம் கட்டங்களைப் பற்றி. எண்பது கட்டக் கணக்கை எடுத்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்று வரைவு சொன்னது. இருந்தவர்களிலேயே இளையவரான தாமு எதிர்த்தார், அட்டைக் காலத்து ஸ்டெல்லா ஆதரித்தார். நான் நேர்மாறாக எதிர்பார்த்திருந்தேன்.

“கட்டம் இருந்தாத்தான்க்கா ஒரு ஒழுங்கு கீது” என்றார் தாமு. “கட்டமே இல்லேன்னா கையெழுத்த எங்க போடுவ? இதோ, மொட்ட அடிச்சிக்கினு வந்துட்டாங்க பார்.” முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின.

“அட்டையில குத்தினவ நான்” என்றார் ஸ்டெல்லா. “எண்பதோட நிக்கணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா? அட்ட போச்சு, அட்ட படிக்கிற மிஷினும் போச்சு. கையெழுத்துக்கு எட்டுக் கட்டம் பத்தாமதானே சீட்டு நோட்டே போட்டோம்? அடுத்த பக்கத்தப் படி.”

அடுத்த பக்கத்தில் ஒரு சின்ன விதி இருந்தது. வரியில் எந்த இடத்திலும் ஒரு நட்சத்திரமும் அதையடுத்து ஓர் அம்புமுனையும் போட்டால், அதற்குப் பின்னால் உள்ளதை இயந்திரம் தொடாது. அது மனிதர்களுக்கு. எட்டெழுத்துதான் என்ற எல்லையும் இல்லை. எங்கள் சிங்கப்பூர் புதிய முறையில் அந்தக் குறி ஏற்கெனவே வேலை செய்தது. நான்கு மாதங்களுக்கு முன் எட்டுக் கட்டங்களை வெட்டுவதற்குப் பதில், அவற்றுக்கு முன்னால் இரண்டு எழுத்துகளைச் செருகியிருந்தால் போதும். எழுந்து நின்று அதைச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. எல்லோரும் எதையாவது ஒருநாள் வெட்டியவர்கள்தான் போலிருக்கிறது. ஆவடிக்காரர் ஒருவர் மட்டும், “சொல்லிட்ட இல்ல, உக்காரு. எத்தினி சாக்கு?” என்று கேட்டார்.

பக்கங்களைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டிரண்டு பேராக, ஒருவர் படிக்க ஒருவர் தட்டச்ச. இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் நான்குதான். மற்றவர்கள் தட்டச்சுப் பொறியிலேயே பட்டியல் அடித்தார்கள். ‘வரி நானூத்திப் பத்து, எம்.எஸ்., இருநூத்திப் பன்னெண்டு’ என்று பதினைந்து குரல்கள் ஒரே நேரத்தில். பன்னீர் சோடா வந்தது, பிறகு பரோட்டா வந்தது. தாமுதான் வேகமாக அடித்தார், வரிக்கு வரி நட்சத்திரத்தையும் அம்புமுனையையும் போட்டுக்கொண்டு. கட்டங்களை எடுக்கக் கூடாது என்ற தம் கருத்தையும் தபாலில் சேர்க்கச் சொன்னார். பழைய முறையும் கூடவே இருக்கட்டும், யாருக்கு எது வேண்டுமோ அதை எழுதட்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. ஸ்டெல்லாவும் கையெழுத்திட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகையில் ஸ்டெல்லாவின் வீட்டில். அவர் பூசைக்குப் போய்வந்ததும் கூடத்தில் சீட்டு நோட்டுகளை விரித்தோம். காணாமல் போன ஏழு பக்கத்து வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, எந்தச் சீட்டு பொருந்தும் என்று தேடினோம். பிற்பகல், கறிக்குழம்பு வாசம் வரும்போது, வால்வு கிடைத்தது. சீட்டு 0388: ‘பம்ப் வால்வு ஒன்று கொடுத்தால் ஃபிட்டர் அரை மணியில் திரும்ப வந்து இன்னொன்று கேட்கிறார். எல்லா பம்பிலும் இரண்டு. எப்போதும் ஜோடியாகக் கொடு. கேட்டவர்: கிடங்கு ஆறுமுகம்.’ ஆறுமுகம் மாமா ஓய்வுபெற்றபோது அவருக்குக் கேக் வெட்டியது நான்தான்.

அதற்குப் பிறகும் பத்தொன்பது வரிகள் மிஞ்சின. மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. யார், எதற்கு என்று தெரியவில்லை. உத்தேசமாக ஒரு பெயர் போட்டுவிடலாமா என்று கேட்டேன். பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் வியாதி. ஸ்டெல்லா என் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்தார். “பொய்க் கையெழுத்தா? அதுக்கு மொட்டையே மேல்.”

திங்கட்கிழமை ஆவடியில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து லிம்முக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். ஒன்று, அம்பத்தூரில் எல்லா மாற்றங்களுக்கும் பதிவு இருக்கிறது. இரண்டு, வால்வுக்குக் காரணம் இது. மூன்று, வரிகளின் முனையில் அந்தப் பதிவைக் காட்டும் குறிகள் இருந்தன; அவற்றை அழித்தது நான்; பத்தொன்பதைத் தவிர மற்றவை திரும்பி வந்துவிட்டன. எப்படி வந்தன என்று கேட்டால் நேரில் சொல்கிறேன். வடையைப் பற்றி ஃபேக்ஸில் எழுத முடியாது.

பூத்துக்கு வெளியே மூவரும் டீ குடித்தோம். தாமு பொறை பிஸ்கட்டை டீயில் நனைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். நான்காவது டீயின்போது பூத்துக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். லிம்மின் பதில் இரண்டு வரி. ‘வருடத்தை அவர்களே திருத்தட்டும். நீ திரும்பியதும் டேப் அறைச் சாவியை என்னிடம் ஒப்படை.’

ஸ்டெல்லாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். தாமுவின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பொறை டீக்குள் விழுந்தது.

அன்று மாலை விமானம். கிளம்பும் முன் அலுவலகத்தில் அந்தப் பத்தொன்பது வரிகளின் முனையிலும் நட்சத்திரம், அம்புமுனை, வி.எம். என்று என் எழுத்துகளை அடித்தேன். எழுந்திருக்கப் போனேன். ஸ்டெல்லா ஐந்தாவது நோட்டைத் திறந்து பேனாவோடு என் முன்னால் தள்ளினார்.

“சீட்டு இல்லாம கையெழுத்துப் போட்டா எப்பிடி? எண் போடு.”

கடைசிச் சீட்டுக்கு அடுத்த எண்ணைப் போட்டு எழுதினேன்.

கேட்டவர்: யாரும் கேட்கவில்லை.
செய்தவர்: வனிதா மாணிக்கம்.
காரணம்: இங்கே ஒருவருடைய பெயர் இருந்தது. படிக்காமல் அழித்தேன்.

ஸ்டெல்லா படித்துப் பார்த்து, எல்லாச் சீட்டுகளிலும் செய்வது போலக் கீழே எம்.எஸ். என்று போட்டு நோட்டை மூடினார்.